டர்பன்டைனில் போன கோடு

வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு, பூட்டினேனா இல்லையா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம் நான். கேஸ் சிலிண்டரின் குமிழைக் குறைந்தது மூன்று முறை திருகிப் பார்த்தால்தான் செருப்பு மாட்டக் கால் வரும். "சிலிண்டருக்கு இன்னாமே, ஜுரமா? தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு கீற?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். நாலாவது முறையும் போய்த் திருகிவிட்டு வருவேன்.

இந்தப் பயம்தான் எனக்குச் சோறு போடுகிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ரசாயன ஆலைகளுக்குப் பெரிய பெரிய இரும்புத் தொட்டிகள் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில், தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். வெல்டிங் போட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அதற்கு மூன்று ஸ்பிரே டப்பாக்கள் உண்டு. ஒன்றில் கிளீனர், ஒன்றில் சிவப்புச் சாயம், ஒன்றில் வெள்ளை மாவு மாதிரி டெவலப்பர். இடத்தைச் சுத்தம் செய்து, சிவப்பை அடித்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும். விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் இறங்கிவிடும். மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளையை அடித்தால், உள்ளே ஒளிந்திருந்த சாயம் கசிந்து சிவப்புக் கோடாக வரும். கோடு வந்தால் விரிசல். வராவிட்டால் பாஸ்.

இதில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. சிவப்பைத் துடைக்கும்போது கிளீனரைத் துணியில்தான் அடிக்க வேண்டும், அந்தத் துணியால்தான் துடைக்க வேண்டும். நேராக வெல்டிங் மேலேயே அடித்தால், கிளீனர் விரிசலுக்குள்ளும் புகுந்து உள்ளே இருக்கிற சாயத்தையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு போய்விடும். அப்புறம் எவ்வளவு வெள்ளை அடித்தாலும் ஒன்றும் வராது. விரிசல் இரும்பில் அப்படியே இருக்கும், காகிதத்தில் மட்டும் பாஸ் ஆகியிருக்கும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவோம். இந்தத் தப்பைச் செய்ததற்காக நானே எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் கலாசி. கிரேன் தூக்குகிற சுமைக்குக் கொக்கி மாட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்து, மேலே இருக்கிற ஆபரேட்டருக்குக் கையால் சைகை காட்டுகிற ஆள். தொட்டியைத் தூக்க நீளமான ஒரு இரும்பு பீம் வைத்திருக்கிறோம். அதில் காது மாதிரி நாலு தடித்த தகடுகளை வெல்டு செய்திருப்பார்கள், லக் என்போம். முழு பாரமும் அந்த நாலு லக்கில்தான் நிற்கும். அதை நான் டெஸ்ட் செய்து, பச்சை டேக் ஒன்றில் என் பெயர், தேதி, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கட்டிவிடுவேன். அந்த டேக்கைப் படித்த பிறகுதான் கலாசி கொக்கியை மாட்ட வேண்டும் என்பது விதி.

அவர் படிக்க மாட்டார். என் டேக்கை மட்டும் விரலால் தொட்டு, அம்மன் படத்தைத் தொடுகிற மாதிரி கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்பார். "நீ போட்ட கையெழுத்த நா இன்னாத்துக்குப் படிக்கணும்?" என்பார். இன்னொரு காரணமும் உண்டு. அவருக்குக் கிட்டப் பார்வை போய் இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் கண்ணாடி இருக்கிறது. வேலைக்கு எடுத்துப் போக வெட்கம். "கெழவன்னு பேர் வச்சிடுவானுங்க" என்று அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போவார். நான் சண்டை போட்டு எடுத்துப் போகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் அவர் என் கையெழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எனக்குப் பிடித்திருந்தது.

இனி மாடல் விஷயம். மார்ச் மாதம் பாதுகாப்பு வாரம் வந்தால் எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் ஒரு மாதிரி வடிவம் செய்து வைக்க வேண்டும். முதல் வருஷம் எங்கள் சார்பில் நான் அட்டையில் ஒரு கிரேன் செய்தேன். பார்த்துப் பார்த்து பெயின்ட் அடித்திருந்தேன். உற்பத்திப் பிரிவுக்காரர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "யம்மா, தேர்த் திருவிழால வாங்கினதா?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த கிரேனை அவர் தலையிலேயே இறக்கியிருப்பேன். ஆனால் ராத்திரி யோசித்தால் அவர் சொன்னது சரிதான். எல்லாம் ஒரே மஞ்சள். தகடு எங்கே முடிகிறது, போல்ட் எங்கே இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. பொம்மைதான்.

அப்புறம் யூடியூபில் தேடித் தேடி வாஷ் என்கிற வித்தையைக் கற்றுக்கொண்டேன். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. முதலில் அக்ரிலிக் பெயின்ட் அடித்துக் காய வைக்க வேண்டும். அதன் மேல் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு. பளபளப்பு இல்லாவிட்டால் சாயம் ஓடாமல் அங்கங்கே திட்டாக நின்றுவிடும். வார்னிஷ் நன்றாகக் காய்ந்த பிறகு, கரும்பழுப்பு ஆயில் கலரை டர்பன்டைனில் கரைக்க வேண்டும். எவ்வளவு நீர்க்க என்றால், வடித்த டீத்தண்ணி மாதிரி. மெல்லிய பிரஷ் நுனியில் அதைத் தொட்டு, தகடும் தகடும் சேரும் மூலையில் வைத்தால் போதும், அதுவே இழுத்துக்கொண்டு ஓடும். பள்ளத்தில் எல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சம் காய விட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் துளி டர்பன்டைன் தொட்டு மேல்பரப்பை மட்டும் துடைத்தால், பள்ளத்தில் இருட்டு தங்கும், மேட்டில் மஞ்சள் வெளிச்சமாக நிற்கும். அதுவரை தெரியாத போல்ட் எல்லாம் முளைத்து வரும். முதல் முறை அதைப் பார்த்தபோது நான் வாய்விட்டு "அடியாத்தீ" என்றேன். வீட்டுக்காரர் கரண்டியோடு சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

அன்றிலிருந்து பைத்தியம் பிடித்துவிட்டது. லாரி செய்தேன், தண்ணீர்த் தொட்டி செய்தேன், பழைய ரயில் பெட்டி ஒன்று செய்து கழிவறை ஜன்னலுக்குக் கீழே துருக் கறை கூட வழிய விட்டேன். இந்த வருஷம் எங்கள் ஷெட்டையே செய்வது என்று முடிவு. இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு. மேலே கிரேன், அதில் தொங்கும் பீம், பீமுக்குக் கீழே தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் ஆள்காட்டி விரல் உயரத்துக்கு ஒரு ஆள். ஆளுக்கு மஞ்சள் ஹெல்மெட், முன்னால் லேசாகத் தொப்பை. பார்த்ததும் வீட்டுக்காரர், "தொப்ப எதுக்குமே? அது மட்டும் பொய்யாச் செய்யக்கூடாதா?" என்றார். பீமில் நாலு லக்கும் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டி, வெல்டிங் கோட்டுக்குத் தையல் நூலைப் பசையில் நனைத்து வைத்திருந்தேன். அந்த நூல் தெரிய வேண்டும் என்றால் வாஷ் ஓட வேண்டும். வெள்ளிக்கிழமை வார்னிஷ் அடித்தேன். சனிக்கிழமை சாயங்காலம் காய்ந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை நடந்ததைத்தான் எழுதவேண்டும். எழுதக் கை கூசுகிறது.

நிஜ பீமில் ஒரு லக்கில் பழைய வெல்டிங்கை அரைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டிருந்தார்கள். நாலையும் டெஸ்ட் செய்து டேக் கட்டச் சொன்னார்கள். மூன்று லக்கை ஒழுங்காகத்தான் செய்தேன். நாலாவதில், அதுதான் புதிய வெல்டிங், சிவப்பு அடித்துப் பத்து நிமிடம் நின்றேன். துடைக்கப் போனால் துணி தீர்ந்துவிட்டது. கையில் இருந்தது ஊறிப்போன ஒரே ஒரு துணி. ஸ்டோர்காரர் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆபீஸ் பக்கம் போய்த் தேடினால் கிடைத்திருக்கும், கால் மணி ஆகும். ஐந்தேகால் ரயிலை விட்டால் அடுத்தது ஆறே முக்காலுக்கு. வீட்டில் வார்னிஷ் காய்ந்திருக்கும், வெளிச்சத்திலேயே வாஷை ஆரம்பித்துவிடலாம் என்று மனசு பரபரத்தது. கிளீனரை நேராக லக் மேலேயே புஸ் புஸ்ஸென்று இரண்டு முறை அடித்தேன். சிவப்பு வழிந்து ஓடியது. ஊறிய துணியால் ஒரு இழுப்பு. வெள்ளை அடித்தேன். சுத்தமாக வந்தது. கையெழுத்துப் போட்டு ரயிலைப் பிடித்தேன்.

இதில் கொடுமை என்னவென்றால், செய்யும்போது எனக்கு ஒரு துளிகூட உறுத்தவில்லை. சிலிண்டரை மூன்று முறை திருகுகிற அதே கைதான். ரயிலில் உட்கார்ந்து பழுப்பில் எத்தனை பங்கு கறுப்பு சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். ரயில் வழியில் நின்று நின்று வந்து, வீடு சேர்வதற்குள் இருட்டிவிட்டது, கரண்டும் இல்லை. இருட்டில் வாஷ் போட முடியாது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. டிரெய்லர் வந்துவிட்டது, தொட்டியை இன்றே ஏற்ற வேண்டும் என்று காலையிலேயே வீட்டுக்காரருக்கு போன். நாஷ்டாவை வாயில் போட்டுக்கொண்டே, "ரெண்டு மணிக்குத் தூக்குறோம், அஞ்சுக்குல்லாம் ஊட்டுக்கு வந்துருவேன், கறி எடுத்து வை" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கறியை அடுப்பில் ஏற்றி இறக்கிவிட்டு, ஜன்னல் ஓரம் மாடலோடு உட்கார்ந்தேன்.

வாஷ் அழகாக ஓடியது. ஒவ்வொரு நூல் வெல்டிங்கும் பழுப்பில் விளிம்பு கட்டி எழுந்து வந்தது. ஒரு லக்கில் மட்டும் சாயம் கொஞ்சம் அதிகமாகித் தேங்கி, காயும்போது வட்டமாகக் கறை பிடித்துவிட்டது. பஞ்சுக் குச்சி பக்கத்திலேயே இருந்தது. சோம்பல்பட்டு, பெரிய பிரஷ்ஷை டர்பன்டைன் கிண்ணத்தில் முக்கி அப்படியே லக் மேல் விட்டேன். கறை வழிந்து போனது. கூடவே கோடும் போனது. நூலுக்குப் பக்கத்தில் இருந்த இருட்டு முழுக்கக் கழுவிக்கொண்டு போய், அந்த லக் மட்டும் மொட்டையாக, மஞ்சளாக, முதல் வருஷத்துப் பொம்மை மாதிரி நின்றது.

"சே, பள்ளத்துல கீறதையும் சேத்து எடுத்துட்டேன்" என்று எனக்கு நானே சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் பிரஷ் கையிலிருந்து விழுந்தது. நேற்று சாயங்காலம் நாலாவது லக்கில் நான் என்ன செய்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மணி ஒன்றேகால்.

முதலில் அவர் போனுக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. சுமை தூக்குகிற அன்று கலாசிகள் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், அதுவும் விதி. எங்கள் பிரிவின் ஹெட் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனால் போனை அணைத்துவிட்டு, மத்தியானத் தூக்கம் முடிந்துதான் எடுப்பார். ஆபீஸ் எண்ணுக்கு அடித்தால் யாருமற்ற அறையில் மணி அடிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. கேட் செக்யூரிட்டியின் எண் என்னிடம் இல்லை. பத்து வருஷமாகப் போய் வருகிற கேட், ஒரு எண் வாங்கி வைக்கவில்லை. மூதேவி, மூதேவி என்று என்னையே திட்டிக்கொண்டு நைட்டிக்கு மேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஓடினேன். கதவைப் பூட்டினேனா என்று இன்றுவரை தெரியாது.

எங்கள் ஊர் கவரைப்பேட்டை. அடுத்த ரயில் இரண்டரைக்குத்தான். ஹைவேக்கு ஓடினேன். ஷேர் ஆட்டோ ஒன்று நின்றுகொண்டிருந்தது. டிரைவர் இன்னும் இரண்டு பேர் சேரட்டும் என்று பீடியைப் பற்ற வைத்தார். "யண்ணா, எடுண்ணா, ஊட்டுக்காரரு கிரேனுக்கு அடில நிக்கிறாரு" என்று கத்தினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, பீடியை வீசிவிட்டு எடுத்துவிட்டார். பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கை மூடிக்கொண்டு, "இன்னாம்மா, பெயின்ட் நாத்தம்?" என்றார். என் கை இரண்டும் பழுப்பு, டர்பன்டைன் வாடை. பெரியபாளையத்தாளே, அந்த லக் நல்லா இருக்கணும், நல்லா இருக்கணும் என்று அந்தக் கையையே கூப்பிக்கொண்டு வந்தேன்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எப்போதும் ஹெல்மெட்டும் கோட்டுமாகப் பார்த்த ஆளை நைட்டியில் பார்த்தால் யாருக்குத் தெரியும்? பெயரைச் சொன்ன பிறகு, "யக்கா, நீங்களா?" என்றார். "தூக்குறத நிறுத்தச் சொல்லுப்பா, லக்குல சந்தேகம் கீது" என்றேன். உள்ளே வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். கிரேன் சத்தத்தில் யாரும் எடுக்கவில்லை. நான் ஓடப் போனேன். குறுக்கே கையை நீட்டினார்.

"செருப்போட உள்ள விட முடியாதுக்கா. ஷூ வேணும், ஹெல்மெட் வேணும்."

"யோவ், அங்க ஆளு சாவப் போறான்யா!"

"அதுக்குத்தான்கா ஷூ" என்றார்.

அவரை அடித்துவிடலாம் போல இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நேற்று அவர் மாதிரி நான் நின்றிருந்தால் இன்று இங்கே நிற்க வேண்டியிருக்காது. விசிட்டர் அலமாரியிலிருந்து ஒரு ஜோடி கம்பூட்ஸை எடுத்துப் போட்டார். பத்தாம் நம்பர். என் கால் ஐந்து. அதை மாட்டிக்கொண்டு, தலையில் விசிட்டர் ஹெல்மெட் ஆட, நைட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தபதபவென்று ஷெட்டுக்கு ஓடினேன்.

பீம் கிரேனில் ஏறிவிட்டிருந்தது. தொட்டிக்கும் கொக்கி மாட்டியாகிவிட்டது. கிரேன் கயிறு இறுகத் தொடங்கியிருந்தது. வீட்டுக்காரர் தொட்டிக்குப் பக்கத்தில் கைடு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாடலில் நான் செய்து வைத்திருந்த அதே நிலையில், மேலே பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். "தூக்காத! எறக்கு! எறக்கு!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் திரும்பினார். என் கோலத்தைப் பார்த்ததும் முகம் செத்துப்போய்விட்டது. கையை மூடி ஆபரேட்டருக்கு நிறுத்தச் சொல்லிவிட்டு, "இன்னாமே? ஊட்டுல யாருக்கு இன்னா ஆச்சு?" என்று ஓடி வந்தார்.

"ஊட்டுல ஒண்ணுமில்ல. நாலாவது லக். நேத்து தப்பா தொடச்சிட்டேன்" என்றேன்.

ஆறேழு பேர் இருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு பீமில் ஆடிக்கொண்டிருந்த பச்சை டேக்கைப் பார்த்தார்கள். டிரெய்லர் டிரைவர், "பாஸ் பண்ணவங்களே வந்து பெயிலுன்னா இன்னா கூத்துப்பா இது" என்று சிரித்தார். அதற்குள் செக்யூரிட்டி, கேட் நோட்டில் இருந்த வீட்டு எண்ணில் எங்கள் ஹெட்டைப் பிடித்துவிட்டிருந்தார். போனில் அவர் குரல் தூக்கக் கலக்கமாக இருந்தது. "ஏம்மா, ரிப்போர்ட் கஸ்டமருக்கு நேத்தே போயிடுச்சேம்மா" என்றார். பிறகு, "சரி, எறக்கச் சொல்லு. நாலையும் திரும்பப் பண்ணு. நான் வரேன்" என்று வைத்துவிட்டார்.

பீமை இறக்கி மரக்கட்டை மேல் வைத்தார்கள். நான் ஒவ்வொரு லக்கையும் சுத்தமாகக் கழுவி, காய வைத்து, சிவப்பு அடித்தேன். பத்து நிமிடம். என் வாழ்க்கையிலேயே நீளமான பத்து நிமிடம் அது. எல்லாரும் சுற்றி நின்றார்கள். வீட்டுக்காரர் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற முகத்தோடு நின்றார்.

இப்போது சொல்லப் போவதை யாரிடமும் சொன்னதில்லை. ஆட்டோவில் வரும்போது லக் நன்றாக இருக்கணும் என்று அம்மனைக் கும்பிட்டவள், அந்தப் பத்து நிமிடத்தில் மனசை மாற்றிக்கொண்டேன். விரிசல் இருக்கணும் என்று வேண்டினேன். இல்லாவிட்டால் நைட்டியும் கம்பூட்ஸுமாக இத்தனை பேர் முன்னால் கத்தியதற்கு என்ன அர்த்தம்? காலத்துக்கும் கேலி பண்ணுவார்களே. புருஷன் நிற்க வேண்டிய இடத்துக்கு மேலே விரிசல் வேண்டும் என்று கேட்கிற பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அது தெரிந்தும் வேண்டுதலை நிறுத்த முடியவில்லை.

துணியில் கிளீனரை அடித்துத் துடைத்தேன். ஒரு லக்குக்கு மூன்று துணி. வெள்ளை அடித்தேன். முதல் லக் சுத்தம். இரண்டு சுத்தம். மூன்று சுத்தம். நாலாவதில் ஒன்றும் வரவில்லை. டிரெய்லர் டிரைவர் கொட்டாவி விட்டார். நான் குனிந்தபடியே இருந்தேன். அப்போது லக்கின் அடி மூலையில், ஊசியால் குத்திய மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தன. பார்க்கப் பார்க்க அரை விரல் நீளத்துக்கு ஒரு கோடு வந்து நின்றது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நான் சொன்னேன் பார்த்தாயா என்கிற கேவலமான சந்தோஷம். அது ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான் இருந்தது. அப்புறம் அந்தப் பெரிய பூட்ஸோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஹெட் வந்து பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "தாங்கியிருக்கலாம். தாங்காமலும் போயிருக்கலாம். யாருக்கும்மா தெரியும்?" என்றார். நேற்று நான் செய்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். துணி தீர்ந்துவிட்டது என்று எழுதினேன். ஏன் போய் வாங்கவில்லை என்பதற்கு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுதினேன். மாடலைப் பற்றி எழுதவில்லை.

சாயங்காலம் இரண்டு பேரும் ரயிலில் வந்தோம். சிரித்துக்கொண்டுதான் வந்தார். "நைட்டில ஓடி வந்து காப்பாத்தினா பாரு, எம் பொண்டாட்டி. நாளைக்கு ஷெட்டு பூரா இதான் பேச்சு" என்றார். அவர் சிரிக்கச் சிரிக்க எனக்குத் தாங்கவில்லை.

"நேத்து ஏன் அவசரப்பட்டேன் தெரியுமா? மாடலுக்கு வாஷ் போடணும்னு. வெளிச்சத்துலயே ஊட்டுக்கு வந்துடணும்னு" என்றேன்.

"அந்த பொம்மைக்கா?" என்றார்.

ஆமாம் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். வீட்டுக்கு வந்து கறிச் சோறு தின்றார், நன்றாக இருக்கிறது என்று கூடச் சொன்னார். ஜன்னல் ஓரம் இருந்த மாடலை மட்டும் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு அந்த மொட்டை லக்குக்குத் திரும்ப வாஷ் போட்டேன். இந்த முறை பஞ்சுக் குச்சியில் துளி தொட்டு, பொறுமையாகத் துடைத்தேன். கோடு வந்தது. பாதுகாப்பு வாரத்தில் அதற்கு இரண்டாம் பரிசு, ஒரு ஹாட் பாக்ஸ். "அந்த வெல்டிங் எல்லாம் அச்சு அசல்" என்று எல்லாரும் கையைக் குலுக்கினார்கள். ஹாட் பாக்ஸை இன்னும் பிரிக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. நடுவில் புதன்கிழமை, லக்கை அரைத்துப் புதிதாக வெல்டு செய்து, ஹெட் பக்கத்தில் நிற்க நான் டெஸ்ட் செய்து டேக் கட்டினேன். தொட்டியைத் தூக்க எல்லாரும் வந்தார்கள். வீட்டுக்காரர் பீமுக்குப் பக்கத்தில் வந்து டேக்கைத் தொட்டார். கண்ணில் ஒற்றப் போகிறார் என்று நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சட்டைப் பையில் கையை விட்டு, அலமாரியில் இருக்க வேண்டிய அந்தக் கண்ணாடியை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் மாட்டிக்கொண்டார். என் பெயரைப் படித்தார். தேதியைப் படித்தார். நேரத்தைப் படித்தார். டேக்கைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு குனிந்து நாலு லக்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கொக்கியைக் கையில் எடுத்தார். யாரும் கெழவன் என்று சொல்லவில்லை. நான் பெண்கள் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தேன்.

அவர் செய்வதுதான் சரி. எல்லாக் கலாசியும் அப்படித்தான் படிக்க வேண்டும். அது எனக்குத் தெரியும், தெரிந்தும் வலிக்கிறது.

இப்போதும் காலையில் கிளம்பும்போது சிலிண்டர் குமிழை மூன்று முறை திருகுகிறேன். ஜுரமா என்று அவர் கேட்கத் தவறுவதில்லை. அதன் பிறகு, கண்ணாடி இருக்கிறதா என்று அவர் சட்டைப் பையை ஒரு முறை தொட்டுப் பார்க்கிறேன். அதற்கு மட்டும் அவர் கேலி பண்ணுவதில்லை. நான் தொட்டுப் பார்த்து முடிக்கும் வரை அப்படியே நிற்கிறார்.